பிரேக் என்ற வார்த்தை மறந்த நாள்

அன்பும் மரியாதையும் மிகுந்த அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அவர்களைச் சௌக்கியமாக வைத்திருப்பவள் மட்டும் இல்லை. அத்தானுக்கு என் வணக்கம்.

ஐம்பத்தோரு வயதில் எனக்கு மாதவிடாய் நின்றுவிட்டது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். பேருந்து நிற்பதுபோல அமைதியாக நின்றது என்று நினைக்காதே. உடம்புக்குள் யாரோ அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வெளியே போய்விடுகிறார்கள். ஒரு நிமிஷம் வேகிறேன், அடுத்த நிமிஷம் நனைந்த துணியோடு நடுங்குகிறேன். இருபது வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் எனக்கு இது தொழிலிலும் மிக உபயோகமாக இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை ஒரு கல்லூரிப் பேராசிரியர் ஓட்டிக்கொண்டிருந்தார். அனல் கிளம்பியதும் நான்கு கண்ணாடிகளையும் இறக்கினேன். "மேடம், மழை உள்ள அடிக்குது" என்றார். "மழைன்னா அடிக்கத்தான் செய்யும். நேரா பாருங்க" என்றேன். நேரே ஒரு மருந்துக்கடைச் சுவர் வந்துகொண்டிருந்தது. அப்போது பார்த்து 'பிரேக்' என்ற வார்த்தை எனக்கு மறந்துபோனது. "சார், அதை... அதை மிதிங்க... அந்த நிக்கிறது!" படித்தவர் அல்லவா, எதையோ மிதிக்கச் சொல்கிறேன் என்று புரிந்துகொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். கற்றுக்கொடுப்பவர் பக்கம் இருக்கும் இன்னொரு பிரேக்கை என் கால் மறக்காததால் பம்பரோடு போயிற்று. கடைக்காரர் ஓடிவந்து, "டென்ஷன் ஆகாதீங்கம்மா" என்றார். அதுவரை ஆகாமல்தான் இருந்தேன்.

வீட்டுக்கு வந்தால், என் வீட்டுக்காரர் மத்தியானம் முழுக்க போனில் படித்துப் பண்டிதராகி உட்கார்ந்திருக்கிறார். "இது இயற்கைதான். ஹார்மோன் குறையுது, அவ்வளவுதான்" என்று என் உடம்பைப் பற்றி எனக்கே வகுப்பெடுத்தார். சளி பிடித்தால் உயில் எழுத உட்காருகிற மனிதர் இவர். "உங்களுக்கு எது குறையுதுன்னு நான் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். அன்றிலிருந்து கேட்காமலே பாத்திரம் கழுவுகிறார்.

மறுநாள் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். அறைக்கு வெளியே என்னையும் சேர்த்து ஐந்து பெண்கள், எல்லோரும் "சும்மா செக்கப்". நான் ரிப்போர்ட் கவரால் விசிறிக்கொண்டேன். எதிரே இருந்த ஒரு வங்கிக் காசாளரும் தன் கவரை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் ஐந்து கவர்களும் ஆடின. "உங்களுக்கும் அதுவா?" என்று காசாளர் கிசுகிசுத்தார். "அதேதான்" என்றேன். பெயரைச் சொன்னால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் பார். "நான் ஃபிரிட்ஜைத் திறந்து தலைய உள்ள விட்டுட்டு நிப்பேங்க. மாமியார் என்ன தேடுறேன்னு கேட்டா தக்காளின்னு சொல்வேன். எட்டு மாசமா தேடிட்டே இருக்கேன்" என்றார் காசாளர். வயிறு வலிக்கச் சிரித்தோம். பக்கத்திலிருந்த ஒரு தையல்காரம்மா சிரித்துக்கொண்டே அழுதுவிட்டார். "எனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சோன்னு பயந்துட்டிருந்தேங்க. என் தங்கச்சியே ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லிட்டுத் திரியுறா."

எனக்குச் சிரிப்பு நின்றுபோனது அக்கா. ஆறு வருஷத்துக்கு முன்னால், என் மகள் வேலையில் சேர்ந்த விருந்தில், நீ தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்துவிட்டு, குளியலறைக்குள் போய் அழுதாய். "அவளுக்கு வயித்தெரிச்சல்" என்று எல்லோரிடமும் சொன்னவள் நான்தான். அது உன் காதுக்கும் வந்தது. அதன்பிறகு நாம் போனில் பேசியதெல்லாம் வெயிலும் மழையும்தான். எரிந்தது வயிறு மட்டுமில்லை, உடம்பு முழுக்கத்தான் என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் அழுகிறாய் என்று நான் கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாம். நான் செய்தது தப்பு. மன்னித்துவிடு.

உனக்கு இனியாவது உடம்பு குளிர்ந்திருக்கட்டும். அத்தான் அறிவுரை சொல்லாதவரை அவரும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
புத்தி தாமதமாக வந்த தங்கை

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது, பதினோரு மாதமாக வராதது வந்துவிட்டது. டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். "பன்னெண்டு மாசம் சேர்ந்தாப்ல வராம இருந்தாதான் நின்னதா அர்த்தம். வந்து ஒரு தடவை காட்டிட்டு, மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணுங்க" என்றார். அதாவது, எனக்கு இன்னும் நிற்கவே இல்லையாம். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். மன்னிப்பை மட்டும் அடிக்காதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுகிறேன், எடு.