சூடு போன நூறு ஆம்பியர்

தலையே போனாலும் தான் வேலை செய்யும் அந்த ஜன்னல் வைத்த அறையை விடுவதில்லை என்று ஆம்பியர் சபதம் எடுத்திருந்தார். பவர் சப்ளை வடிவமைக்கும் மனிதருக்கு அக்கம்பக்கத்தார் வைத்த பெயர் அது. மாமியார் நிரந்தரமாகத் தங்க வரப்போகிறார். மனைவிக்கோ அந்த அறைமேல்தான் கண்.

"இந்தப் பெட்டி நூறு ஆம்பியர் குடுக்குது. உள்ள டயோடெல்லாம் அடுப்பாக் கொதிக்குது. காத்து வேணாமா? ஸ்டோர் ரூம்ல வெச்சா வெந்துடும்!"

சபதத்துக்கு முட்டுக்கொடுத்திருந்தது இந்த ஒரு காரணம்தான். மனைவி எதிர்த்துப் பேசவில்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

"சூடே இல்லாம செய்ய உங்களாலகூட முடியாதாங்க?"

"எவன் சொன்னான் முடியாதுன்னு?"

"பக்கத்து வீட்டு டிவி மெக்கானிக்தான். அதுக்கெல்லாம் பெரிய மூளை வேணுமாம்."

போதாதா? ஆம்பியருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. டயோடுகளைப் பிடுங்கி எறிந்தார். அவை மின்சாரத்துக்கு ஒருவழிக் கதவுகள். ஒவ்வொரு முறையும் முட்டித் தள்ளித்தான் போக வேண்டும். அந்த முட்டலெல்லாம் சூடாக வீணாகும். அங்கே மாஸ்ஃபெட் என்ற குட்டி மின் சுவிட்சுகளை வைத்தார். இவை சொன்ன நேரத்துக்கு விரியத் திறந்து வழிவிடும். ஆனால் ஒன்று மூடுவதற்குள் இன்னொன்று திறந்துவிட்டால் படார்தான். பல படார்கள் கேட்டன. மனைவி முகம் சுளிக்காமல் ஒவ்வொரு படாருக்கும் ஒரு காபி கொண்டுவந்தாள்.

கடைசியில் நேரம் கூடிவந்தது. கண்ணிமைப்பதற்குள் ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடியும் அவை ஒன்றோடொன்று இடறவில்லை. சோதனைக்காகப் பால்கனி வாளித் தண்ணீருக்குள் போட்டிருந்த கம்பிச்சுருளில் முழு நூறு ஆம்பியரும் பாய்ந்து தண்ணீர் தளதளவென்று கொதித்தது. ஆம்பியர் விரலால் மாஸ்ஃபெட்டைத் தாங்கிய தகட்டைத் தொட்டார். வெதுவெதுப்பு, அவ்வளவுதான்! அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை பெரிய வெள்ளம் தன் கைக்கு அடியில் சத்தம் காட்டாமல் ஓடுகிறது என்பதை அவராலேயே நம்ப முடியவில்லை.

"இங்க ஓடி வா! தொட்டுப் பாரு!"

மனைவி தொட்டாள். வாளியைப் பார்த்தாள். மறுபடி தொட்டாள்.

"அம்மாடி! என்னங்க இது, மாயமா இருக்கு! மூடி வெச்சாக்கூட ஒண்ணும் ஆகாதா?"

"பீரோவுக்குள்ள பூட்டி வை, ஒண்ணும் ஆகாது! காத்தே வேணாம்!"

மனைவி பெருமை பொங்க அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு பால்கனிக்குப் போய்த் தெருவை எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அம்மா, கட்டில வண்டியிலேருந்து இறக்கச் சொல்லு! ரூம் காலி!"