தீட்சை பெற்ற பல்பு

திண்டிவனத்தில் அன்று முகூர்த்தம் இல்லை. ஆனாலும் நெடுஞ்சாலை ஓரத்துக் கல்யாண மண்டபத்தில் காலை எட்டு மணிக்கே உட்கார இடமில்லை. வாசலில் இருபதடி உயரத்துக்குப் பேனர். அதில் ஒரு கையில் காந்தமும் மறு கையில் மின்னலுமாக நின்று சிரித்தவர் டாக்டர் காந்தரிஷி ராஜாமணி. எந்தப் பல்கலைக்கழகத்து டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. ஞானத்துக்கு ஏது ஹால் டிக்கெட்? 'டீசல் வேண்டாம்! வெயில் வேண்டாம்! காற்று வேண்டாம்! காந்தம் ஒன்றே போதும், சாகும்வரை மின்சாரம்!' என்று கீழே எழுதியிருந்தது. யார் சாகும்வரை என்று எழுதவில்லை.

விழுப்புரத்திலிருந்து வந்தார்கள். திருவெண்ணெய்நல்லூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார்கள். ஒருவரும் வெறுங்கையோடு வரவில்லை. ஆளுக்கொரு இயந்திரத்தைத் தோளிலும் தலையிலும் இடுப்பிலுமாகத் தூக்கி வந்தார்கள். எல்லாம் வீட்டிலேயே செய்தவை. சைக்கிள் சக்கரம், செத்துப்போன சீலிங் ஃபேன், பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தங்கள், செம்புக் கம்பிச் சுருள். ஒரு தள்ளு தள்ளிவிட்டால் காந்தமும் காந்தமும் முட்டிக்கொண்டு சக்கரம் தானாகவே சுற்றிக்கொண்டிருக்கும். சுருளில் மின்சாரம் கொட்டும். இதுதான் திட்டம். சக்கரம்தான் இன்னும் சம்மதிக்கவில்லை.

இவர்களுக்கு 'காந்தச் சொந்தங்கள்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. காலையில் பல் துலக்குவதற்கு முன்பே சுற்றுக் கணக்கு வந்துவிடும். 'இன்று மூன்று சுற்று' என்று ஒருவர் போடுவார். 'எனக்கு நாலரை' என்பார் அடுத்தவர். விழுப்புரம் மைக்செட் வேங்கடேசன் 'எட்டு' என்று போட்ட நாளில் குழு முழுக்கக் கைதட்டல் பொம்மைகள் குவிந்தன. உண்மையில் அவருடையது இரண்டு சுற்றுத்தான். மற்றவர்களுடையதும் அவ்வளவுதான். தன்னுடையது மட்டும்தான் நிற்கிறது, மற்றவன் வீட்டில் எல்லாம் சுற்றுகிறது என்று குழுவில் இருந்த நானூறு பேரும் தனித்தனியாக நம்பினார்கள்.

அந்த நானூறில் ஒருவர் அரங்கநாதன். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, ஒரு கிணறு, ஒரு மூன்று எச்.பி. மோட்டார். கெட்டிக்காரர்தான். மோட்டாரைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவார். ஆறு மாதமாகப் பம்புசெட்டு அறைக்குள் பதினொரு காந்த ஜெனரேட்டர் செய்திருந்தார். பதினொன்றும் நின்றன. ஆனால் அவருக்கு உற்சாகம் மட்டும் நிற்கவில்லை. பன்னிரண்டாவதற்குப் பொட்டு வைத்துப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. விவசாயத்துக்கு அரசாங்கம் கொடுக்கும் மின்சாரம் இலவசம். அந்த இணைப்புக்கு அரங்கநாதனின் அப்பா மனுப் போட்டுப் பதினாறு வருடம் காத்திருந்தார். இணைப்பு வந்த வருடம் அப்பா இல்லை. அப்படி வந்த கரண்ட், ஆனால் முறை வைத்துத்தான் வரும். பூ இறங்கி மல்லாட்டை தண்ணீருக்குத் தவிக்கும் நேரத்தில் வராது. மனிதன் அசந்து படுத்தால் வரும். நினைத்த நேரத்தில் மோட்டாரைப் போட வேண்டும் என்ற ஒரே ஆசைதான் அவரைக் காந்தத்திடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

"ஏங்க, ஓசியில வர்ற கரண்ட வுட்டுட்டு ஓசி கரண்ட்டத் தேடிக்கினு போறீங்களே, உங்களுக்கே நல்லாருக்குதா?" என்று கிளம்பும்போதே கேட்டார் மனைவி தையல்நாயகி.

"உனுக்கு சயின்ஸ் தெரியாது, சும்மா இரு" என்றார் அரங்கநாதன்.

தையல்நாயகி தடுத்ததற்குக் காரணம் இருந்தது. எல்லாருடைய சக்கரமும் ஏன் நிற்கிறது என்பதற்கான ரகசியத்தைப் போன மாதம் காந்தரிஷி வீடியோவில் வெளியிட்டிருந்தார். நிலத்தில் வெளி மின்சாரம் ஓடினால் காந்தத்துக்குத் தீட்டு. முதலில் அந்த இணைப்பை மனதாரத் துறக்க வேண்டும். மனதாரத் துறந்தால் மட்டும் போதாது, பத்திரத்திலும் துறக்க வேண்டும். அச்சடித்த பத்திரம் மண்டபத்திலேயே கிடைக்கும். கையெழுத்துப் போட்டவருக்குக் கூட்டம் முடிந்ததும் ரிஷியே கையால் தொட்டுத் தீட்சை கொடுத்த மூலக் காந்தம் ஒன்று. அதைப் பொருத்தினால் சக்கரம் நிற்கவே நிற்காதாம்.

அரங்கநாதன் மண்டபத்துக்குள் போனதும் கையெழுத்துப் போட்டார். முதல் ஆளாகப் போட்டார். பேனா அவருடையது.

பத்திரங்களை எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, காந்தரிஷி மேடைக்கு வந்தார். காவி வேட்டி, கோட்டு, கழுத்தில் காந்த மாலை. ஜன்னல்களுக்குத் திரை போட்டார்கள். மேடையில் பட்டுத் துணி போர்த்திய சக்கரம். அதன் தலைமேல் ஒரு பல்பு. பல்பின் கழுத்துவரை சந்தனம், குங்குமம். எழுத்து, மார்க்கு எதுவும் தெரியவில்லை.

"அன்பர்களே! பிரபஞ்சமே காந்தம். நீங்களும் காந்தம். நானும் காந்தம். ஆனால் நான் சற்றுப் பெரிய காந்தம்" என்றார் ரிஷி.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ரிஷி சக்கரத்தை ஒரு தள்ளுத் தள்ளினார். பக்கத்திலிருந்த சிவப்பு சுவிட்சைத் தட்டினார். பல்பு பளீரென்று எரிந்தது! சக்கரம் சுற்றியது, பல்பு எரிந்தது, சக்கரம் சுற்றியது, பல்பு எரிந்தது. நான்கு நிமிடம். அரங்கநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அழுதார். அப்பாவை நினைத்து அழுதாரா, மல்லாட்டையை நினைத்து அழுதாரா என்று அவருக்கே தெரியவில்லை. ஐந்தாவது நிமிடம் சக்கரம் லேசாகத் தளர்ந்தது. உடனே ரிஷி ஓடிப்போய் அதைக் கையால் பிடித்து நிறுத்தி, சுவிட்சை அணைத்தார். "போதும். இதற்குமேல் விட்டால் ஊர் தாங்காது."

ஊருக்கு வரவிருந்த ஆபத்தைத் தடுத்ததற்காக இன்னொரு கைதட்டல்.

அப்போதுதான் பக்கவாட்டுக் கதவு வழியாக ஜெயம் உள்ளே வந்தாள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியில் கேப்பைக் கூழ் விற்பவள். அன்று கூட்டத்துக்குக் கூழ் ஊற்றச் சொல்லியிருந்ததால் வண்டியை மண்டப வாசலுக்கே கொண்டுவந்துவிட்டாள். காலிச் சொம்புகளைப் பொறுக்க வந்தவள் மேடையைப் பார்த்தாள். பல்பைப் பார்த்தாள். இன்னும் ஒருமுறை பார்த்தாள்.

"இன்னாய்யா இது, எங்க வண்டி பல்பு மாரியே இருக்குது?"

மண்டபம் திரும்பிப் பார்த்தது. ரிஷி புன்னகைத்தார். "தாயே, அது தீட்சை பெற்ற பல்பு. தொடக் கூடாது."

"நான் தொடலீங்க. நீங்களே அத்தக் கயட்டிட்டு வேற பல்பு போட்டு எரியவுடுங்க. பாத்துட்டுப் போயிக்கினே இருக்கறேன். சொம்பு கழுவுற வேல கெடக்குது."

"சந்தேகம் உள்ள இடத்தில் காந்தம் நிற்காது தாயே."

கூட்டம் ஜெயத்தை முறைத்தது. எல்லாரையும்விட அதிகமாக முறைத்தவர் அரங்கநாதன். கூழ் விற்கிற பொம்பளை ரிஷியைச் சோதிப்பதா? வாயை அடைத்தே தீருவது என்று அவர் மேடையில் ஏறிவிட்டார். பையில் அவருடைய பல்பு இருந்தது. ஆறு மாதமாகப் பதினொரு இயந்திரத்தில் மாட்டியும் ஒருமுறைகூட எரியாத சாதாரணக் கடைப் பல்பு.

"சாமி, ஒரே நிமிஷம். இத்தப் போட்டுக் காமிங்க. இந்தம்மா வாய மூடிக்கினு போவட்டும்!"

"வேண்டாம் மகனே."

"அட, எரியும் சாமி! நீங்க ஏன் பயப்படுறீங்க?" என்று நம்பிக்கையோடு சொல்லிக்கொண்டே அரங்கநாதன் பல்பை மாற்றிவிட்டார். தீட்சை பெற்ற பல்பை ஜெயத்தின் கையில் கொடுத்தார். சக்கரத்தை ரிஷியைவிட வேகமாகத் தள்ளினார். சிவப்பு சுவிட்சைப் போட்டார்.

சக்கரம் பிரமாதமாகச் சுற்றியது. பல்பு அப்படியே இருந்தது.

சுவிட்சை அணைத்துப் போட்டார். இன்னும் வேகமாகத் தள்ளினார். பல்பைத் திருகினார். தட்டினார். ஊதினார். அது ஆறு மாதமாக அவரிடம் எப்படி இருந்ததோ அப்படியே ரிஷியிடமும் இருந்தது.

"தீட்சை இல்லாத பல்பு எப்படி மகனே எரியும்?" என்றார் ரிஷி. "தீட்சை பெற்றதை மாட்டு..."

அவர் முடிக்கவில்லை. முன்வரிசையில் யாரோ 'ஹா' என்று கத்தினார்கள். எல்லாரும் ஜெயத்தைப் பார்த்தார்கள். சொம்பு கழுவிய ஈரக் கை. அந்தக் கையில் பல்பு எரிந்துகொண்டிருந்தது! கம்பி இல்லை, காந்தம் இல்லை, சக்கரம் இல்லை.

மைக்செட் வேங்கடேசன் மடமடவென்று முன்னால் வந்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "அம்மா! காந்தேஸ்வரி!"

பின்னால் இன்னும் ஏழு பேர் விழுந்தார்கள்.

"யோவ், எழுந்திருய்யா! சட்ட அழுக்காவுது" என்றாள் ஜெயம். "நான் தெனம் இருட்டோட வண்டி தள்ளிக்கினு வர்றவ. இது இன்வெர்ட்டர் பல்பு. கரண்ட் பூட்டாலும் எரியறதுக்கு உள்ளயே பேட்டரி வச்சிருப்பான். பின்னால ரெண்டு முனை இருக்குது பாரு, ஈரக் கை பட்டாக்கூட எரியும். அந்த செவப்பு சுவிட்சு ரெண்டு முனையையும் கம்பிச் சுருளோட சேத்துவுடுது. அவ்ளோதான் ஞானம். சக்கரம் சும்மா வேடிக்கைக்கு."

விழுந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. இவ்வளவு எளிமையான காரணத்தை நம்ப அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. ஜெயம் பெருமூச்சு விட்டாள். கீழே கிடந்த ஒரு சொம்பில் பாதிக் கூழ் மிச்சம் இருந்தது. உப்புப் போட்ட கூழ். பல்பின் பின்பக்கத்தை அதில் நட்டாள். கூழுக்கு மேலே பல்பு குத்துவிளக்குப் போல நின்று எரிந்தது.

யாரோ ஒருவர் முதலில் சிரித்தார். அப்புறம் அடக்க முடியவில்லை. மண்டபமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சக்கரத்தைத் தள்ளித் தள்ளி மாதக்கணக்கில் தோள்பட்டை வீங்கியவர்கள், ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். "உன்னுது எத்தினி சுத்துய்யா, நெஜத்த சொல்லு!" "ரெண்டு!" "எனுக்கும் ரெண்டுதாண்டா!" என்று நானூறு பேரும் ஒரே நேரத்தில் உண்மையைச் சொல்லிக்கொண்டார்கள்.

அரங்கநாதன் மட்டும் சிரிக்கவில்லை. பதினாறு வருடம் அப்பா காத்திருந்தது அந்தத் தகரப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டி எங்கே?

பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு காந்தரிஷி வாசல் பக்கம் நடந்துகொண்டிருந்தார். நடை ஓட்டமாகிக்கொண்டிருந்தது.

"புடிங்கய்யா! என் கரண்ட்டு போவுது!" என்று அலறிக்கொண்டு அரங்கநாதன் மேடையிலிருந்து குதித்தார்.

வாசல் நடைபாதையில் இரண்டு பக்கமும் சொந்தங்களின் இயந்திரங்கள் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ரிஷி நடுவே புகுந்தார். முதல் இயந்திரம் 'டக்' என்று பெட்டியில் ஒட்டியது. உதறினார். உதறிய பக்கம் இரண்டாவது ஒட்டியது. மூன்றாவது அரங்கநாதனின் பன்னிரண்டாவது. பொட்டோடு போய் ஒட்டிக்கொண்டது. மூன்று சைக்கிள் சக்கரத்தை இழுத்துக்கொண்டு பேனரின் அடிவரை ஓடிப் பார்த்தார் ரிஷி. அங்கே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். அந்தக் காந்தங்கள் பிறந்ததிலிருந்து செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

"யோவ், பேஜாரு பண்ணாதீங்கய்யா! எல்லாத்தியும் எடுத்துக்கினு வுட்டுடுங்கய்யா!" என்றார் ரிஷி. பேனர் தமிழ் ஓடிப்போய்ச் சொந்தத் தமிழ் வந்துவிட்டது.

அரங்கநாதன் தன் பத்திரத்தைத் தேடி எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்து முதன்முறையாகப் படித்தார். 'எனது விவசாய மின் இணைப்பைத் திரு' என்று இருந்தது. அப்புறம் ஒரு கோடு. கோட்டின்மேல் பெயர் இல்லை. 'அவர்களுக்கு மாற்றிக் கொடுக்க முழுமனதோடு சம்மதிக்கிறேன்' என்று முடிந்தது. அதன் கீழே அவருடைய அழகான கையெழுத்து.

"அந்தக் கோட்டுல யார் பேர எழுதலாம்னு இருந்த?"

ரிஷி எங்கோ பார்த்தார். "கனெக்ஷன் கேட்டுக்கினு நாலு பார்ட்டி துட்டோட இருந்தாங்க..."

ஆறு மாதமாக ஒரு சக்கரத்தின் அரைச் சுற்றைக்கூட விடாமல் எண்ணிய மனிதர், ஒரு வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய சந்தோஷமாகவும் இருந்தது. பத்திரத்தைப் பதினாறாகக் கிழித்தார். மற்றவர்களும் கிழித்தார்கள். வாசலில் காகிதமாகப் பறந்தது. போலீசுக்குப் போன் போனது.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. தையல்நாயகி. "ஏங்க, கரண்ட் வந்துடுச்சு. மோட்டாரப் போடட்டுமா?"

"போடு! ஜல்தி போடு!" என்று கத்தினார் அரங்கநாதன். "நம்ம கரண்ட்டுதான் அது, தைரியமாப் போடு! தோ வர்றேன்!"

அவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். கதை இத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஜெயமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு சொம்புகளை வண்டியில் அடுக்கினாள். நிமிர்ந்தால் வண்டிக்கு முன்னால் ஒரு வரிசை நின்றது. பத்துப் பதினைந்து பேர். எல்லார் கையிலும் காலிக் கேன். முதல் ஆள் மைக்செட் வேங்கடேசன்.

"யக்கா, ஒரு சொம்பு கூழுல பல்பு எரியுதே. ஒரு மைக்செட்டு ஓட எத்தினி லிட்டரு வேணும்?"

ஜெயம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கூழ்ப் பானையை மூடினாள்.

"தம்பி, ஆண்டவன் வாய கூழு குடிக்க மட்டும் குடுக்கல, கேள்வி கேக்கவும்தான் குடுத்துருக்கான். அங்க உள்ள கேக்க வேண்டிய கேள்விய வுட்டுட்டு இங்க வந்து கேக்கறியே! போயி மொதல்ல மண்டைக்குள்ள இருக்கறத ஒரு சுத்து சுத்தவுடு. அதுக்குத் தீட்சையும் வாணாம், என் கூழும் வாணாம்."