டி டிரைவ் மாப்பிள்ளைகள்

"டி டிரைவ் எங்க தம்பி?"

தில்லைநாதன் கேட்ட பிறகுதான் அன்பரசு திரையை ஒழுங்காகப் பார்த்தான். விண்டோஸுக்குப் பக்கத்தில் ஓரமாக இடம் கேட்டு வந்த லினக்ஸ், வீட்டுக்காரரை வெளியே தள்ளிவிட்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. லினக்ஸுக்கு எவ்வளவு இடம் என்று பார்ட்டிஷன் கேட்ட இடத்தில் 'முழு டிஸ்க்கும்' என்று கொடுத்திருக்கிறான்.

கொடுத்திருப்பான். பக்கத்து நாற்காலியில் தில்லைநாதனின் மகள் இசைவாணி இருந்தால் அவன் கை என்ன செய்கிறதென்று அவனுக்கே தெரியாது. கல்லூரியில் கூடப் படித்த நாளிலிருந்து அப்படித்தான். வேலைக்கு லினக்ஸ் வேண்டுமென்று அவள் போன் செய்ததும், சிதம்பரத்தில் தன் கம்ப்யூட்டர் சென்டரைப் பூட்டிவிட்டுக் கடலூருக்கு பஸ் ஏறியவன்.

"டி டிரைவ்ல என்ன சார் இருந்துச்சி?"

"மாப்பிள்ளைங்க. எம் பொண்ணுக்கு வந்த அத்தினி ஜாதகம், போட்டோ. எல்லாம் ஸ்கேன் பண்ணி வச்சிருந்தேன்."

அன்பரசுவின் மனம் ஒரு குதி குதித்தது. உடனே வெட்கப்பட்டது. வாயோ, "மீட்டுக் குடுத்துடுறேன் சார்" என்றது.

மறுவாரம் ரெக்கவரி சிடியோடு வந்தான். எல்லாம் திரும்பி வந்தன, பெயர்களைத் தவிர. எந்த முகத்துக்கு எந்த ஜாதகம்? குத்துமதிப்பாக ஜோடி சேர்த்தான். விளைவு, இளம் என்ஜினியர் என்று வரவழைத்தவர் நரைத்த மீசையோடு வந்து, இரண்டு தட்டு கேசரி சாப்பிட்டு, இது தனக்கு இரண்டாம் கல்யாணம் என்றார்.

"வேணாம் தம்பி," என்றார் தில்லைநாதன். "நீயே வீடு வீடா போயி மறுபடி வாங்கியாந்துடு."

போனான். குறிஞ்சிப்பாடி, நெல்லிக்குப்பம், திருவதிகை. போன இடமெல்லாம் காபி கொடுத்து, "பொண்ணு எப்பிடி தம்பி?" என்றார்கள்.

"அவங்க சிரிச்சாங்கன்னா..." என்று ஆரம்பித்து, "நல்ல பொண்ணுங்க" என்று முடித்துக்கொள்வான். திரும்பும் பஸ்ஸில் மடி நிறைய ஜாதகங்கள். அவனுடையதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

கடைசியில் விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் தனித்தனி இடம் பிரித்தான். மாப்பிள்ளைகளைப் பெயரோடு குடியேற்றினான். தில்லைநாதன் கடைக்குப் போயிருந்தார்.

"இனிமே அழியவே அழியாதுங்க," என்றான் இசைவாணியிடம். "சிடியிலயும் ஒரு காப்பி போட்டுட்டேன்."

அவள் முகம் சுருங்கியது. "சிடியிலயுமா?"

"ஏன், பத்தாதா? இன்னும் நான் என்னதாங்க பண்ணணும்? நேரா சொல்லுங்களேன்."

இசைவாணி வாசலை ஒரு முறை எட்டிப் பார்த்தாள்.

"லூசு! அன்னைக்கி நீ கண்ணாடியத் தொடச்சிக்கிட்டு இருந்தப்ப, 'முழு டிஸ்க்கும்'னு மாத்தி வச்சதே நான்தான்."