மணியாடு

கொண்டோபோலின்,
செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பின்

அடிலெய்டில் கணப்பருகே குளிர்காய்ந்துகொண்டிருக்கும் அன்பு அக்கா மெர்லுக்கு, தம்பி கிளைவ் எழுதிக்கொள்வது. இங்கே நானும் நாயும் சுகம். என் முதுகும் உன் முழங்காலும் சுகப்பட ஆண்டவரை வேண்டுகிறேன்.

போன கடிதத்தில், "படம் போட்டு எவ பொழைச்சா? ப்ரைடிய நகராட்சி ஆபீஸ் கவுன்ட்டர்ல உட்காரச் சொல்லு" என்று எழுதியிருந்தாய். அதற்குத்தான் இந்தப் பதில், நிமிர்ந்து உட்கார்ந்து படி. என் பெண்ணின் நிலைமை மோசமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. பகலெல்லாம் தேன் பாட்டில் லேபிள், கல்யாணப் பத்திரிகை, இறைச்சிக்கடைப் பலகை என்று காசுக்கு வரைவாள். மிச்ச நேரத்தில், தண்ணீரைக் கண்டால் நடுங்கும் ஒரு கூழைக்கடாப் பறவையைப் பற்றித் தன் சொந்தப் படப் புத்தகம். மிச்ச நேரம் என்று ஒன்று இருந்தால்தானே! சாப்பாடு நின்றபடி, குளியல் நினைத்தபோது, என்னோடு பேச்சு வெறும் 'உம்'. மாதக் கடைசிக்குள் புத்தகத்தை முடித்து சிட்னி பதிப்பகத்துக்கு அனுப்ப வேண்டும், அவர்கள் வேண்டாமென்றால் நீ சொன்ன கவுன்ட்டருக்கே போய்விடுவதாக அவளே சொன்னாள். அப்போது அவள் முகத்தைப் பார்த்திருந்தால் நீ அந்த வரியை எழுதியிருக்க மாட்டாய்.

நாற்பது வருஷம் ஆட்டுக்குக் கம்பளி கத்தரித்தவன் சும்மா இருப்பேனா? கம்பளி கத்தரிக்கும் கொட்டகையின் பழைய மணியை வராந்தாத் தூணில் அடித்து மாட்டினேன். ஏழரைக்கு மணி, இரண்டு மணி நேரம் நிறுத்தாத வேலை (கொட்டகைப் பேச்சில் ஓர் ஓட்டம்), அரைமணி தேநீர், மறுபடி மணி, மறுபடி ஓட்டம், நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு, நாளுக்கு நாலு ஓட்டம், ஐந்தரைக்கு ஆளும் கையும் ஓய்வு. முதல் இரண்டு ஓட்டம் வயிற்றுப்பாட்டுக்கு, அடுத்த இரண்டும் கூழைக்கடாவுக்கு. தேநீர் வேளையில் பென்சிலைத் தொடவே கூடாது. முதல் நாள் சாயங்காலம், "இன்னிக்கு எத்தன?" என்று கேட்டேன்.

"ஒரு அலகுப்பா."

"ஒரு அலகா? நான் ஒரு நாளைக்கு நூத்தறுபது ஆடு கத்தரிச்சவன்டி!"

"உன் ஆட்ட யாரோ பட்டிக்குள்ள ஓட்டிவிட்டாங்க. என் கூழைக்கடாவ யாரு ஓட்டிவிடுவா?"

இரண்டாம் நாள் மணி அடித்ததும் நம் நாய் டஸ்டருக்குப் பழைய வேலை ஞாபகம் வந்துவிட்டது. அதுவும் என்னைப்போல் ஓய்வுபெற்றதுதானே! பக்கத்து வீட்டு டோரீனின் பதினொரு கோழிகளையும் வளைத்து ஓட்டிவந்து ப்ரைடியின் அறைக்குள் அடைத்தது. ஈரம் காயாத கூழைக்கடாப் படம் முழுக்கக் கோழிக்கால் தடம். நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். அவளோ தரையில் உட்கார்ந்து சிரித்தாள், அக்கா, ஆறு மாதத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். அந்தத் தடங்களையே ஏரிக்கரைச் சேறாக்கிவிட்டாள்.

அப்புறம் தொடங்கியது கள்ளத்தனம். ஐந்தரை மணி அடித்தும் பென்சில் சத்தம்.

"மணி காதுல விழலையா?"

"மணியாடுப்பா!"

நீ மறந்திருப்பாய். மணிக்கு முன்னால் ஆட்டைப் பிடித்துவிட்டால் மணிக்குப் பின்னும் அதை முடிக்கலாம் என்பது கொட்டகைச் சட்டம். கடைசி நொடியில் பாய்ந்து பிடிக்கும் அந்த ஆடுதான் மணியாடு. உன் மருமகள் ஐந்து இருபத்தொன்பதுக்குப் புதுத் தாளில் ஒரே ஒரு கோடு போட்டுவிட்டு, "பிடிச்ச ஆட்ட பாதியில விடலாமா?" என்று என்னிடமே சட்டம் பேசுகிறாள். திட்ட எனக்கு யோக்கியதை ஏது? அந்தக் காலத்தில் இந்தத் திருட்டில் என்னை மிஞ்ச ஆளில்லை. என் ரத்தம்!

இப்போது வேளைக்குச் சாப்பிடுகிறாள். தேநீர் வேளையில் எதிரே உட்கார்ந்து, கைகளை மேஜைக்கு அடியில் அடக்கமாக வைத்துக்கொண்டு, நான் விடும் கொட்டகைக் கதைகளை எல்லாம் கேட்கிறாள். புத்தகம் இரண்டு நாள் முன்னதாகவே தபாலில் போயிற்று. பதில் எந்த நேரமும் வரும். ஆக, மனுஷனுக்கு வேண்டியது ஒழுங்கு, மணி, அதை அடிக்க ஒரு அப்பன். இதை உன் சர்ச் தோழிகளுக்கும் உரக்கப் படித்துக்காட்டு.

உன் படியும் பாதையும் வழுக்காமல் ஆண்டவர் காக்கட்டும்.

பெருமையுடன்,
தம்பி கிளைவ்

பி.கு.: உறையை ஒட்டப் போனபோது சிட்னியிலிருந்து போன். கூழைக்கடா வேண்டாமாம். ஒரு மாத ஓட்டமும் வீண் என்று உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அதே தபால் கட்டுக்குள் அவள் கூடவே வைத்திருந்த வேறு படங்களை எடுத்துக்கொள்கிறார்களாம், நல்ல விலைக்கு! மணியடித்து வீட்டையே விரட்டும் ஒரு கிழவன், ஒரு நாய், பதினொரு கோழி.

"இத எந்த ஓட்டத்துலடி வரைஞ்ச?"

"ஓட்டத்துல இல்லப்பா. டீ குடிக்கிறப்ப, மேஜைக்கு அடியில. நீதான் பேசிக்கிட்டே இருந்தியே."

மணியைக் கழற்றப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள். "கழட்டாதப்பா. அடுத்த புக்குக்கும் நீ டீ குடிக்க வரணும்ல?"

கிழவனின் மூக்கு மட்டும் கொஞ்சம் பெரிது. அசல் நம் அப்பா மூக்கு. ஒழுங்கைப் பற்றி மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு, அக்கா. கவுன்ட்டருக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்.