முகப்பு விளக்கு தெளிந்த விவரம்

அன்பும் அதைவிட அதிகமாகக் கிண்டலும் உள்ள மைத்துனனுக்கு,

உன் அக்காவைக் கட்டிய ஒரே காரணத்துக்காக உன்னிடம் பேச்சு வாங்கும் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்கா, என் டிரைவிங் ஸ்கூல் கார் மூவரும் நலம். கார் மிக மிக நலம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன தடவை வந்தபோது, "வண்டிக்குக் கண்ணுல புரை விழுந்துடுச்சு அத்தான், பழைய இரும்புக்குப் போட்டுடுங்க" என்றாய் அல்லவா? உன் வாய் முகூர்த்தம், வண்டியைத் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோன இடத்தில் இன்ஸ்பெக்டர் முகப்பு விளக்கைத் தட்டி, "இது லைட்டா, எண்ணெய்க் கிண்ணமா?" என்று கேட்டார். நாளைக்குள் தெளியாவிட்டால் வண்டி ரோட்டில் இறங்கக்கூடாதாம். வண்டி இறங்காவிட்டால் ஸ்கூல் ஏது, சோறு ஏது? வெயிலில் நின்று நின்று விளக்கின் மேல்தோல் பழுத்திருக்கிறது, அதைத் தேய்த்து எடுத்தால் போதும் என்று உதிரிபாகக் கடைக்காரர் உப்புத்தாள், பாலிஷ், வெயில் தாங்கும் பூச்சு எல்லாம் கட்டிக் கொடுத்தார். நான் முதலில் சிக்கனமாகப் பற்பசையில் ஆரம்பித்தேன். வண்டி மணத்தது, மஞ்சள் போகவில்லை. பிறகு உப்புத்தாளை எடுத்தேன். சுற்றி டேப் ஒட்டச் சொன்னதை மறந்துவிட்டதால் பானெட்டில் ஓரிடத்தில் பெயிண்ட் போனது, போகட்டும். விளக்கோ சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துவிட்டது. "தொட்டது போதும், போய்ப் படுங்க" என்றாள் உன் அக்கா. நானா அசருவேன்? பாலிஷை அப்பி ஊறவிட்டுவிட்டுத்தான் மதியத் தூக்கத்துக்குப் படுத்தேன்.

எழுந்து வந்து பார்த்தால், அடடா, பல்பின் மேல் இருந்த எழுத்தைக்கூடப் படிக்கலாம்! பூச்சும் காய்ந்து கிடந்தது. அதை எப்போது பூசினேன் என்றே ஞாபகம் இல்லை, அவ்வளவு மும்முரமாக வேலை செய்திருக்கிறேன். மறுநாள் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்து, "புதுசு மாட்டிட்டீங்களா?" என்றார். "கைவேலை சார்" என்றேன். முத்திரை விழுந்த சத்தம் உன் வீடு வரை கேட்டிருக்க வேண்டுமே! நீயும் உன் காருக்குச் செய்து பார். மதியத் தூக்கத்தை மட்டும் விட்டுவிடாதே, அங்கேதான் சூட்சுமம்.

உனக்கும் உன் வீட்டாருக்கும் என் ஆசிகள். உன் கார் விளக்குக்கு என் அனுதாபங்கள்.

இப்படிக்கு,
வெற்றி வீரன் உன் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, உன் அக்கா எழுதுகிறேன். உன் அத்தான் இதைத் தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார், படித்துவிட்டேன். அவர் குறட்டை விட்ட நேரம் முழுக்க டேப் ஒட்டி, தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, பூச்சு பூசியது நான். சொல்லிவிடாதே, மனுஷன் மூன்று நாளாக அந்த விளக்கைப் பார்த்துத்தான் தலை வாருகிறார். ஆனால் தெருவில் ஐந்து பேருக்கு அவர்கள் கார் விளக்கையும் தெளியவைத்துத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். ஐந்து மதியமும் தூங்கத் தயாராக இருக்கிறார். எனக்கு இருப்பது இரண்டு கைதான், நீ உடனே புறப்பட்டு வா.