சிமெண்ட் பெஞ்சுக்கு ஒரு போர்டு

நாகரிகத்தை இன்றுவரை காப்பாற்றி வருபவை இரண்டு. ஒன்று கமிட்டி, மற்றொன்று கமிட்டி வைக்கும் போர்டு. கொல்கத்தா சால்ட் லேக்கில் உள்ள அந்தக் குடியிருப்பில் கமிட்டி இருந்தது. போர்டு மட்டும்தான் பாக்கி. அந்தக் குறையைத் தீர்க்கப் பிறந்தவர் செயலாளர் குருமூர்த்தி.

முதலில் விசாகப்பட்டினம், மூன்று வருடமாகக் கொல்கத்தாவின் கிடர்பூர் என்று துறைமுகங்களிலேயே வேலை பார்த்தவர். எந்தக் கப்பல் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்று சொல்வது அவர் தொழில். அதை மனிதர்களுக்குச் சொல்ல அவருக்குத் தனிப் பயிற்சி தேவைப்படவில்லை.

பிரச்சினை இதுதான். பூங்கா ஓரத்து சிமெண்ட் பெஞ்சில் தினமும் மாலை ஐந்து மணிக்கு ஆறேழு பிள்ளைகள் 'கூடினார்கள்'. பத்தாவது, பதினொன்றாவது படிக்கிறவர்கள். குருமூர்த்தி மூன்றாம் மாடி ஜன்னலில் நின்று ஒரு வாரம் கண்காணித்தார். சிகரெட் இல்லை, சண்டை இல்லை, காதல்கூட இருப்பதாகத் தெரியவில்லை. பேசினார்கள், சிரித்தார்கள். அவரை உலுக்கியதே அதுதான். சிகரெட்டைத் தடுக்க விதி இருக்கிறது. காரணமில்லாத சிரிப்பை எந்த விதியின் கீழ் தடுப்பது?

அந்தச் சிரிப்புகளில் ஒன்று அவர் மகள் அனன்யாவுடையது. மாற்றலாகி வந்த முதல் வருடம் முழுக்க அவள் யாரோடும் வாய் திறக்கவில்லை. அந்த பெஞ்சில்தான் வங்காளம் கற்றாள், சிநேகிதம் பிடித்தாள். குருமூர்த்திக்கு இது தெரியும். ஆனால் செயலாளர் பதவிக்குச் சொந்தபந்தம் கிடையாது.

கமிட்டி கூடியது. (கமிட்டி கூடலாம்.) 'பிள்ளைகள் போனிலேயே கிடக்கிறார்கள், வெளியே வந்து நாலு பேரோடு பழக வேண்டும்' என்று போன வருடம் தீர்மானம் போட்டதும் இதே கமிட்டிதான். பிள்ளைகள் அதை நம்பிவிட்டார்கள் என்ற உண்மையை யாரும் பதிவு செய்யவில்லை. அண்ணன் என்ற முறையில் ஊரே 'தா' சேர்த்து அழைக்கும் மித்ரா தா, கும்பல் கூடினால் பூச்செடிகளுக்கு ஆகாது என்றார். போர்டு வைப்பதென்று ஏகமனதாக முடிவாயிற்று.

குருமூர்த்திக்கு வங்காளம் பேச்சில் தடுமாறும், எழுத்தில் கண்ணைக் கட்டும். மகளிடம் போனார்.

"'இங்கே கும்பலா உட்கார்ந்து வெட்டிப்பேச்சு பேசக் கூடாது.' இதை வங்காளத்துல எழுதிக் குடும்மா."

"இவ்ளோ எதுக்குப்பா? அதுக்கு இங்க ஒரே வார்த்தைதான்," என்றாள் அனன்யா. "அட்டா."

மூன்றே சொல்லில் எழுதிக் கொடுத்தாள்: 'இங்கே அட்டா கூடாது.'

புதிதாக வந்திருந்த காவலாளி நிதாய் போர்டை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு விசிலைத் துடைத்துக்கொண்டார். ஐந்து மணிக்குப் பிள்ளைகளை எழுப்பினார். ஆறு மணிக்கு, இருபது வருடமாக அதே பெஞ்சில் டீயும் அரசியலுமாக உட்காரும் மித்ரா தாவையும் அவருடைய நான்கு நண்பர்களையும் எழுப்பினார். பெரியவர்கள் கொதித்தபோது, போர்டில் அட்டா என்றுதான் இருக்கிறது, வயது போடவில்லையே என்று பணிவாக விளக்கினார்.

மித்ரா தா மூச்சிரைக்க மூன்று மாடி ஏறி வந்தார். "குருமூர்த்தி பாபு, அட்டாவைத் தடுத்தால் வங்காளத்தில் மிச்சம் என்ன இருக்கும்? அது எங்கள் பண்பாடு."

பிள்ளைகள் செய்ததும் அதுதானே என்று குருமூர்த்தி வாய்தவறிக் கேட்டுவிட்டார்.

"அது அட்டா இல்லை," என்றார் மித்ரா தா. "அது கும்பல்."

அவசரக் கூட்டத்தில் இந்த நுட்பம் தெளிவாக்கப்பட்டது. பெரியவர்கள் கூடிப் பேசினால் அட்டா. சின்னவர்கள் கூடிப் பேசினால் அடேய். போர்டில் 'பதினெட்டு வயது நிரம்பாதவர்கள்' என்று ஒரு வரி சேர்த்தார்கள். அதையும் அனன்யாதான் எழுதினாள். எழுத்து இந்த முறை கொஞ்சம் சிறுத்திருந்தது.

அமைதி திரும்பியது. பிள்ளைகள் அவரவர் அறைக்குள் போனார்கள். அனன்யா சாப்பிடும்போதும் போனைப் பார்த்தாள். கேட்டதற்கு "ம்" என்றாள், கேட்காததற்கு அதுவும் இல்லை. குருமூர்த்திக்கு வந்த முதல் வருடம் ஞாபகம் வந்தது. ஒரு தகப்பன் செய்ய வேண்டியதை அவர் உடனே செய்தார். கமிட்டியைக் கூட்டினார்.

'நம் பிள்ளைகள் ஏன் வெளியே வருவதில்லை?' என்று ஒரு கருத்தரங்கம் நடத்த முடிவாயிற்று. பேனர் துணியும் பிரஷ்ஷுமாக அவர் மகள் அறைக்குப் போனார்.

"'பிள்ளைகளே, வெளியே வாருங்கள்'னு பெரிசா எழுதணும்மா."

அனன்யா பிரஷ்ஷை வாங்கிக்கொண்டாள். எழுதவில்லை.

"எங்க வரணும்னு எழுதட்டும்ப்பா?"

குருமூர்த்தி பதில் தேடி ஜன்னலுக்கு வந்தார். பெஞ்சில் இடமில்லை. பிள்ளைகள் வெளியே வராத கவலையில் கமிட்டி முழுவதும் அங்கே உட்கார்ந்திருந்தது.