துண்டுக்குள் நாலு பல்

சேந்தமங்கலத்துக்கும் நாமகிரிப்பேட்டைக்கும் நடுவே அந்தக் காலத்தில் கள் குடித்த அத்தனை பேருடைய கடைவாயையும் உள்ளே வரைக்கும் பார்த்த மனிதர் ஒருவர் இருந்தார். வைத்தியர் இல்லை. கள்ளுக்கடைக்காரர். பெயர் என்னவென்று லைசென்ஸில் இருந்தது, ஆனால் அதை எழுதிய எனக்கே மறந்துவிட்டது. ஊர் முழுக்க அவரைக் கூப்பிட்டது பல்லுத் தரகர் என்றுதான்.

நான் அப்போது கள், சாராயக் கடைகளுக்கு லைசென்ஸ் கொடுக்கிற ஆப்காரி இலாகாவில் குமாஸ்தா. வயது இருபத்திரண்டு. கல்யாணமாகி ஆறு மாதம். சர்க்கார் உத்தியோகம், கறுப்புக் கோட்டு, கக்கத்தில் குடை என்று சகல லட்சணங்களோடும் திரிந்துகொண்டிருந்தேன். தைரியம் ஒன்றுதான் குறைவு.

தரகர் முதலில் மாட்டுத் தரகராக இருந்தவர். சந்தையில் மாட்டின் உதட்டை விலக்கி, ரெண்டு பல், நாலு பல், ஆறு பல் என்று எண்ணி வயசு சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பிறகு என்ன தோன்றியதோ, கள்ளுக்கடையை ஏலத்தில் எடுத்தார். எடுத்த அன்று இலாகாவிலிருந்து ஒரு பலகை கொண்டுபோய் மாட்டினோம். 'இளம் பிராயத்தினருக்குக் கள் விற்கலாகாது' என்று எழுதியிருந்தது. நாங்கள் எத்தனையோ கடைகளில் மாட்டிய பலகைதான். அதைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"ஏனுங்க குமாஸ்தா சாமி, எளம் பிராயம்னா எது வரைக்குமுங்க?"

எனக்குத் தெரியவில்லை. இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். "பார்த்தால் தெரியாதா ஐயா?" என்று எரிந்து விழுந்தார். அதை அப்படியே கொண்டுபோய்த் தரகரிடம் சொன்னேன்.

"பாத்தாத் தெரியுமுங்க. ஆனா எங்க பாக்கோணும்கறதுதான் கேள்வி" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாயிலதானுங்க" என்றார்.

அன்றைக்குப் பிறந்தது அந்தச் சட்டம். மனுஷனுக்குக் கடைசியில் முளைக்கிற கடைவாய்ப்பல் நாலில் ஒன்றாவது எட்டிப் பார்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் கள் மொந்தை கிடையாது. கடை வாசலில் ஒரு கல் போட்டிருந்தார். அதில் ஏறிச் சூரியனைப் பார்த்து நின்று வாயைத் திறக்க வேண்டும். காலையில் கிழக்கே, சாயங்காலம் மேற்கே. மேகம் மூடிய நாளில் கடையில் வியாபாரமே இருக்காது.

பார்த்த முடிவை வாயால் சொல்லமாட்டார். மாட்டுச் சந்தையில் விலை பேசுவது எப்படி என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கைமேல் துண்டைப் போட்டு, அதற்குள் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. தரகரும் அதேபோல வந்தவன் கையைத் துண்டுக்குள் இழுத்து, எத்தனை பல்லோ அத்தனை விரலைப் பிடிப்பார். ஒன்றும் இல்லையென்றால் கையை மூடி ஒரு அமுக்கு அமுக்குவார். அமுக்கு வாங்கியவன் வெளியே வந்து, "இன்னைக்கு வவுறு செரியில்லீங்க" என்று மானத்தோடு வீட்டுக்குப் போய்விடலாம். அந்தப் பக்கத்தில் அப்போது வயிறு சரியில்லாத வாலிபர்கள் ஏகப்பட்ட பேர் இருந்தார்கள்.

இதில் அக்கிரமமும் நடந்தது. ஐந்து பிள்ளை பெற்ற ஒரு வண்டிக்காரருக்குக் கடைவாய்ப்பல் முளைக்கவே இல்லை. அவர் தலைமகனுக்கு முளைத்துவிட்டது. மகன் உள்ளே மொந்தையோடு உட்கார்ந்திருப்பான், அப்பா வெளியே சுண்டல் தின்றுகொண்டிருப்பார். "எம் பையன் எனக்கு மூத்தவன்" என்று அவரே எல்லோரிடமும் சொல்லி அழுவார். இன்னொரு பையன் தேங்காய்ச் சில்லைச் சீவிக் கடைவாய் ஈறில் செருகிக்கொண்டு வந்தான். தரகர் பார்த்தார். "கடி" என்றார். கடித்தான். "மெல்லு" என்றார். மென்றான். "முழுங்கு. சொந்தப் பல்லத் தின்ன மொத ஆளு நீதாண்டா" என்று அனுப்பிவைத்தார்.

இப்படிப்பட்ட கடையைப் பற்றித்தான் ஒரு நாள் இலாகாவுக்கு மொட்டைக் கடிதாசு வந்தது. சின்னப் பையன்களுக்கெல்லாம் அங்கே கள் ஊற்றுகிறார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. இன்ஸ்பெக்டருக்கு வரவில்லை.

"சந்தை நாளன்று காலையிலிருந்து அங்கேயே உட்காரும். ஒரே ஒரு பையன் குடித்ததாக நீர் எழுதினாலும் லைசென்ஸ் ரத்து. பார்த்தும் எழுதாமல் விட்டீர் என்று தெரிந்தால் உம்முடைய வேலை ரத்து" என்றார்.

போய் உட்கார்ந்தேன். மத்தியானம் வரை ஒன்றும் இல்லை. வெயில் மேற்கே சாய்ந்த நேரத்தில் ஒரு வில்வண்டி வந்து நின்றது. அதைப் பார்த்ததும் மொந்தையை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே கீழே வைத்தான்.

இறங்கியது அந்தப் பக்கத்து நிலபுலனுக்கெல்லாம் சொந்தக்காரரான மிட்டாதாரின் மகன். கடைக்குக் கள் இறக்குகிற மரம் அத்தனையும் அவன் அப்பாவுடையது. அவர் 'இறங்கு' என்று ஒரு வார்த்தை சொன்னால் மரமேறிகள் இறங்கிவிடுவார்கள், கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். பையனுக்கு மீசை நன்றாக இருந்தது. மீசையைத் தவிர மற்றதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. கூட வந்த கூட்டாளிகளிடம் ஏதோ பந்தயம் கட்டியிருக்கிறான் என்பது அவர்கள் சிரித்த சிரிப்பிலேயே தெரிந்தது. பின்னால் தடியோடு ரெண்டு ஆள்.

"ஒரு மொந்தை ஊத்து" என்றான்.

ஊற்றினால் நான் எழுத வேண்டும், லைசென்ஸ் போகும். ஊற்றாவிட்டால் மரம் போகும். எப்படிப் பார்த்தாலும் கடை போகும். நான் பேனாவைத் திறந்தேன், மூடினேன். தரகர் மட்டும் நிதானமாகத் தோள் துண்டை உதறினார்.

"கல்லு மேல ஏறுங்க சின்னவரே. வாயத் தொறங்க."

"நான் என்ன மாடா?"

"மாடா இருந்தாக் கேக்கவே மாட்டனுங்க. கொம்பப் புடிச்சு நானே தொறந்துருவேன்."

தடிக்காரன் ஒருவன் ஓரடி முன்னால் வந்தான். எவனும் சிரிக்கவில்லை. பையன் சுற்றிலும் பார்த்தான். கண் என்மேல் வந்து நின்றது.

"அந்தக் கோட்டுக்காரனுக்குப் பாத்தியா? எனக்கு ஒரு சட்டம், அவனுக்கு ஒரு சட்டமா?"

நியாயமான கேள்வி. ஆனால் நான் குடிக்க வரவில்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் தரகர் என் பக்கம் திரும்பிவிட்டார். "சாமி, நீங்க மொதல்ல ஏறிப்போடுங்க."

ஏறினேன். சர்க்கார் உத்தியோகஸ்தன் ஒருவன் சந்தைக் கூட்டத்துக்கு நடுவே, கோட்டுப் போட்டுக்கொண்டு, மேற்கே பார்த்து வாயைப் பிளந்து நின்றது இந்த ஜில்லாவில் அந்த ஒரு தடவைதான். தரகர் எட்டிப் பார்த்தார். நாலு மூலையும் பார்த்தார். இறங்கச் சொல்லி, துண்டைப் போட்டு, என் கையை உள்ளே இழுத்தார்.

விரல் ஒன்றையும் தொடவில்லை. ஐந்தையும் மடக்கி ஒரு அமுக்கு அமுக்கினார்.

கல்யாணமானவன், பென்ஷன் உள்ள உத்தியோகஸ்தன், எனக்குப் போய் ஒன்றுகூட இல்லையாம். அழுகை வரப் பார்த்தது. ஆனாலும் கூட்டம் பார்க்கிறதே என்று, நாலும் இருக்கிற மாதிரி நெஞ்சை நிமிர்த்தித் தலையை ஆட்டினேன்.

"சர்க்காரே வாயத் தொறந்துட்டாங்க. இனி உங்களுக்கென்னங்க கொறச்சல்?" என்றார் தரகர்.

பையனுக்கு வேறு வழியில்லை. பின்வாங்கினால் பயந்தவன் என்றாகிவிடும். ஏறித் திறந்தான். தரகர் என்னைப் பார்த்ததைவிட இரண்டு மடங்கு நேரம் பார்த்தார். பிறகு துண்டு. கூட்டம் முழுக்க அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே என்ன அசைந்ததோ தெரியவில்லை. பையன் முகம் மட்டும் ஒரு நொடி சிறுத்துப் பழையபடி ஆனது.

"தூ, புளிச்ச கள்ளு. இத எவன் குடிப்பான்?" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டான்.

எனக்கு உயிர் வந்தது. 'சிறுவர் எவரும் அருந்தவில்லை' என்று சத்தியமாக எழுதினேன். மூன்றாம் நாள், மொட்டைக் கடிதாசு தள்ளுபடி என்ற உத்தரவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால், வாசலில் அதே வில்வண்டி. இந்தத் தடவை கடைக்குள் மிட்டாதாரே நின்றார். பக்கத்தில் மகன் தலைகுனிந்து நின்றான்.

"எம் பையன் வாயப் பாத்தியாமா?"

"பாத்தனுங்க."

"நாலு பல்லும் இருக்குதுன்னு நீ விரலப் புடிச்சதா ஊட்ல வந்து சொல்றான். இருந்தா ஏன் ஊத்தல? அவன் சொல்றது பொய்யா இருந்தா இப்பவே இல்லைன்னு சொல்லிப்போடு. நான் அவனப் பாத்துக்கறேன், உம் பொழப்பு உனக்கு. சொல்லாம நின்னீன்னா, நாளையிலிருந்து எம் மரத்துல ஒருத்தன் ஏறமாட்டான்."

'இல்லை' என்று ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் மரமும் கடையும் மிஞ்சும். நான் மிட்டாதாருக்குப் பின்னாலிருந்து தரகரைக் கண்ணால் கெஞ்சினேன். பையன் நிமிர்ந்து தரகரைப் பார்த்தான். அப்பா முன்னால், ஊர் முன்னால், மீசை நடுங்க நின்ற அந்த முகத்தை இன்றும் நான் மறக்கவில்லை.

தரகர் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "துண்டுக்குள்ள நடந்தத வெளிய சொல்ற வழக்கமில்லீங்க."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சாச்சுங்க."

மறுநாள் மரமேறிகள் இறங்கினார்கள். லைசென்ஸ் இருந்தது, பலகை இருந்தது, வாசலில் கல்லும் இருந்தது. கள் மட்டும் இல்லை. ஒரு மாதம் தாக்குப்பிடித்துவிட்டுத் தரகர் பழையபடி மாட்டுச் சந்தைக்கே போய்விட்டார்.

எனக்குக் கோபம் ஆறவில்லை. தேடிப் போய்ச் சண்டை போட்டேன். "இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? உண்மைதானே?"

"ஒருத்தனுத வெளிய சொன்னா, அப்புறம் எல்லாருதையும் சொல்லோணும். உங்களுதயும் சொல்லோணுமே சாமி" என்றார். நான் குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கொஞ்ச காலத்தில் சேலம் ஜில்லாவுக்கே மதுவிலக்கு வந்தது. எல்லாக் கடையும் மூடியாயிற்று. சேதியைக் கேட்டுத் தரகர் சொன்னாராம்: "இந்த ஜில்லாவுல ஒருத்தனுக்கும் பல்லு மொளைக்கலைன்னு சர்க்காரே சொல்லிப்போட்டாங்க."

எனக்கு இருபத்தேழாவது வயதில் வலது தாடை வீங்கியது. இரண்டு நாள் கஞ்சிதான். வைத்தியரிடம் போகவில்லை. நேரே மாட்டுச் சந்தைக்குப் போனேன். தரகர் ஒரு காளையின் வாயிலிருந்து கையை எடுத்துத் துடைத்துக்கொண்டு, என்னை மேற்கே திருப்பி நிறுத்திப் பார்த்தார். துண்டைப் போட்டார். ஒரே ஒரு விரலைப் பிடித்தார். சீக்கிரம் விடவில்லை. துண்டுக்கு வெளியே அவர் முகமெல்லாம் சிரிப்பு.

அந்தப் பல் பிறகு சொத்தை விழுந்தது. பிடுங்கிவிடுங்கள் என்று மூன்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள், நான் கேட்கவில்லை. இருபத்திரண்டு வயதில் எனக்கு ஒரு பல்லும் இல்லை என்பது என் மனைவிக்கே இதைப் படித்துத்தான் தெரியப்போகிறது. அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. தரகர் சாகிற வரைக்கும் ஒருவரிடமும் சொல்லவில்லை.